சாக்கு மெத்தையிலிருந்து சஸ்பென்ஷன் சீட்டுக்கு

டெல்டாவில் பழைய டிராக்டர் ஓட்டுநரை ஓர் அடையாளத்தால் சொல்லிவிடலாம். டீக்கடை பெஞ்சிலிருந்து எழும்போது முதலில் இடுப்பில் கையை ஊன்றுவார். பிறகுதான் முதுகு நிமிரும். பேச்சும் சற்று உரக்க வரும், எதிரில் இருப்பவர் செவிடர் என்பதுபோல. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் சேறடித்து, இடையில் கிடைத்த நாட்களில் செங்கல்லும் மணலும் ஏற்றி இறக்கி, அந்த இரும்பு இருக்கையில் வருடக்கணக்காக உட்கார்ந்ததன் மிச்சம் அது. வண்டி வாங்கிய முதலாளி குதிரைத்திறனைக் கேட்டார், டீசல் செலவைக் கேட்டார், கடன் தவணையைக் கேட்டார். ஓட்டுகிறவரின் இடுப்பைப் பற்றி ஷோரூமில் பேச்சே எழுந்ததில்லை.

இப்போது எழுகிறது. யாருக்கும் திடீரென்று இரக்கம் சுரந்துவிடவில்லை. ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். "எந்த வண்டிண்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் இளவட்ட ஓட்டுநர்கள் வேலைக்கு வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றால் "பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்பார்கள். அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். 40 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான நடுத்தர டிராக்டர்கள் இன்று இருக்கிற வடிவத்துக்கு வந்ததில் பொறியாளர்களுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பையன்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி.

அன்று தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடம் குறைவு. 1959-இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் நிறுவனம் இந்தியாவில் செய்த முதல் டிராக்டரை வெளியே விட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே பிறந்தது. செம்பியத்திலிருந்து மாஸி ஃபெர்குசன் வண்டிகள் வரத் தொடங்கின. 1963-இல் மஹிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்தது. பி-275 அந்தக் கூட்டின் பிள்ளை. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் ஆட்களே வரைந்த ஸ்வராஜ் 1974-இல் பஞ்சாபிலிருந்து வந்தது. இத்தனை இருந்தும் கேட்பவர் அதிகம், செய்பவர் குறைவு. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நிலவள வங்கியில் நிலத்தை அடமானம் வைத்து, வரிசையில் நின்று வாங்கிய வண்டியை, சீட்டு குத்துகிறது என்று யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

தமிழ்நாட்டு நஞ்சையில் வேரூன்றியது மாஸி 1035. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், சுமார் 2,400 சிசி, 36 குதிரைத்திறன். டாஃபேயும் சிம்ப்சனும் ஒரே அமால்கமேஷன்ஸ் குழுமம், இரண்டும் சென்னை. எஞ்சினின் மூல வடிவம் பெர்க்கின்ஸ் நிறுவனத்துடையது. இதே குடும்பத்து எஞ்சின் ஜெனரேட்டரிலும் ஓடியதால் பிஸ்டன், ரிங், லைனர் தேடி அலைய வேண்டியதில்லை. போர் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்காவது பக்கத்து ஊரில் இருப்பார். வண்டி விற்றதற்குக் காரணம் எஞ்சினின் திறமை பாதி என்றால், இந்த மெக்கானிக்குகள் மீதிப் பாதி.

அந்த 1035-இல் ஏறி உட்கார்ந்து பார்த்தால்தான் அன்றைய உழவு நாள் எப்படிப்பட்டது என்று தெரியும். கியர் பெட்டி இரண்டு காலுக்கும் நடுவில் கிடக்கும். குதிரைமேல் உட்காருவதுபோலக் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும். கியர் நெம்புகோல்கள் தொடைகளுக்கு நடுவே நிற்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த நெம்புகோல்களைத் தாண்டி ஏறி இறங்கியவர்களின் சாமர்த்தியத்துக்குத் தனியாக ஒரு பரிசே கொடுக்கலாம். இருக்கை என்பது அழுத்தி வளைத்த தகரத் தட்டு, அதில் மழைநீர் வடிய ஓட்டைகள், அடியில் ஸ்பிரிங். அதன்மேல் நாலாக மடித்த யூரியா சாக்கு. உச்சி வெயிலில் சாக்கும் சுடும். மழையில் ஊறினால் பொழுதுக்கும் காயாது. மத்தியானத்துக்கு மேல் கியர் பெட்டியின் சூடு கெண்டைக்காலுக்கு ஏறிவிடும். பெடலின் பிடிமானம் காலுக்குத் தெரிய வேண்டும் என்று செருப்பில்லாமல் ஓட்டியவர்களுக்கு உள்ளங்காலிலும் அந்தச் சூடு.

முதுகெலும்புக்கு ஆகாதது எது என்பதில் இன்று சந்தேகமில்லை. மேலும் கீழுமான ஆட்டத்தில், நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வைத்தான் நம் உடம்பு தாங்கிக்கொள்ளாது. காய்ந்த வயலில் ஓடும் டிராக்டரின் குலுக்கல் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. வெறும் ஸ்பிரிங்கால் இதைத் தடுக்க முடியாது. ஸ்பிரிங்கும் அதே தாளத்தில் ஆட ஆரம்பித்தால் வயலின் குலுக்கலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுத்துவிடும். ஆகவே இப்போதைய நல்ல சீட்டுகளில் ஸ்பிரிங்கோடு அதை அடக்குகிற டேம்பரும், ஓட்டுபவரின் எடைக்கு ஏற்றபடி இறுக்கித் தளர்த்த ஒரு திருகு பிடியும் இருக்கின்றன.

அந்தப் பிடியைத் திருகிய ஓட்டுநரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவி கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். சீட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதில்லை. எண்பது கிலோ ஆளுக்கு வைத்த இறுக்கத்தில் ஐம்பது கிலோ பையன் நாள் முழுக்கக் குதித்துக்கொண்டு போவான். சாயங்காலம் வந்து "புது வண்டியும் இடுப்ப ஒடிக்குதுண்ணே" என்பான். இன்னொன்று டயர் காற்று. டிப்பரில் சுமை இழுக்கக் கல்லாக ஏற்றிய காற்றோடு அப்படியே வயலில் இறங்கினால் எந்தச் சீட்டாலும் காப்பாற்ற முடியாது. உழவுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகம் சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டியில், ஸ்பேனர்களுக்கு நடுவே, கிரீஸ் அப்பிக் கிடக்கும்.

ஸ்டியரிங்கின் கதை இன்னும் வலி மிகுந்தது. பழைய வண்டியில் முன் சக்கரம் வரப்பிலோ கல்லிலோ இடித்தால் அந்த அடி அப்படியே ஸ்டியரிங் வளையத்துக்கு வரும். வளையம் வெடுக்கென்று சுழலும். அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே விடாமல் வெளியிலேயே வைத்துப் பிடிப்பார்கள். வேலை கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு முதல் பாடமே அதுதான். கற்றுக்கொள்ளாதவனுக்கு ஒருநாள் விரல் பிசகும். டெல்டாவில் ஒரு மா, இரண்டு மா என்று துண்டு துண்டாகக் கிடக்கும் வயல்களில் நிமிடத்துக்கு நிமிடம் திருப்பம் வரும். இரும்பு கேஜ் வீலைக் கட்டிக்கொண்டு சேற்றில் திருப்புவதற்குத் தோள் பலம் போதாது. ஒரு பக்கத்து பிரேக்கை மிதித்து, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடம்பையே சாய்த்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள். இன்றைய பவர் ஸ்டியரிங்கில் ஒரு கையால் வளைத்துவிட்டு மறு கையால் ஹைட்ராலிக் நெம்புகோலைத் தூக்கலாம். மாறியவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அனுபவஸ்தர்கள் சீட்டை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பார்கள்.

திருப்ப மிதித்த அந்த பிரேக்கும் அன்று உலர் பிரேக். சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்தால் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். வயலில் பரவாயில்லை, சாயங்காலம் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு சாலையில் ஏறும்போதுதான் ஆபத்து. இப்போது நடுத்தர வண்டிகளில் பெரும்பாலானவை ஆயிலில் மூழ்கிய டிஸ்க் பிரேக். தண்ணீர் புகாது, தேய்மானம் குறைவு. ஒரே குறை, தேய்ந்துவிட்டால் பின் அச்சைக் கழற்ற வேண்டும், செலவு கூட. அந்த நாள் வருவதற்குள் பழைய பிரேக்குக்கு எத்தனை முறை லைனிங் மாற்றியிருப்போம் என்று கணக்குப் பார்த்தால் இது லாபமே.

கிளட்சைப் பற்றி நீட்டி எழுதினால் வாசகர்கள் ஓடிவிடுவார்கள். ஒரே ஓர் உதாரணம் சொல்லிவிட்டு விடுகிறேன். அறுவடை எந்திரம் போன பிறகு வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலை உருளையாகக் கட்டும் பேலர் இப்போது டெல்டாவில் பெரிய தொழில். வைக்கோல் அதிகமாகத் திரண்டிருக்கும் இடத்தில் வண்டி நிற்க வேண்டும். ஆனால் பின்னால் பேலரைச் சுழற்றும் பிடிஓ தண்டு நிற்கக் கூடாது. பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும், பேலர் அடைத்துக்கொள்ளும். டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பிடிஓ ஓடும். பிடிஓவுக்கென்று தனி நெம்புகோல் இருக்கும் வண்டிகள் இன்னும் வசதி. அன்று இந்த வசதி அதிகப்படி என்று தோன்றியதற்குக் காரணம், பின்னால் பெரும்பாலும் ஐந்து கொத்தோ ஒன்பது கொத்தோ கலப்பை மட்டும் போனதுதான். ரோட்டாவேட்டரும் பேலரும் வந்ததும் அதிகப்படி அத்தியாவசியம் ஆகிவிட்டது.

இனி உறுதி. "அந்தக் காலத்து வண்டி இரும்பு சார், இப்ப எல்லாம் தகரம்" என்ற புலம்பலைக் கேட்காத ஊரில்லை. பானெட்டை விரலால் தட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். தகரம் மெலிந்தது உண்மை. பிளாஸ்டிக் கூடியதும் உண்மை. ஆனால் பானெட் உழுவதில்லை. சேற்று உழவில் வண்டியைக் கொல்வது வேறு: கேஜ் வீல். சக்கரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் அந்த இரும்புக் கூட்டின் பாரம் முழுதும் பின் அச்சின் பேரிங்கையும் ஆயில் சீலையும் பிடித்து முறுக்கும். சீல் போனால் தண்ணீர் உள்ளே இறங்கி கியர் ஆயில் வெளுத்துவிடும்; அப்புறம் கியர்ப் பற்கள் தேய்ந்து ஊளையிட ஆரம்பிக்கும். அன்றைய வண்டிகளில் ஒவ்வொரு பட்டத்துக்கும் பிறகு சீல் மாற்றுவது சடங்கு மாதிரி நடந்தது. இன்று சீல்களும் வார்ப்பின் துல்லியமும் தேறியிருக்கின்றன. ஜான் டீர் போன்றவற்றின் பின் அச்சில் ஒரே பெரிய பற்சக்கரத்துக்குப் பதிலாகப் பாரத்தைப் பல பற்சக்கரங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பிளானட்டரி அமைப்பு இருக்கிறது. குபோடாவின் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் அச்சு மூடி அடைக்கப்பட்டது, நெல் வயலை நினைத்தே செய்தது.

கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகை வண்டிகள் 1,700 கிலோவிலிருந்து 1,900 கிலோ, சில 2,000 கிலோவையும் தாண்டும். கனமான வண்டிதான் உறுதியான வண்டி என்ற நம்பிக்கை கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலுக்குப் பொருந்தும். சட்டிக் கலப்பையைப் போட்டு ஆழ உழும்போது கனம்தான் சக்கரத்துக்குப் பிடிமானம். அதே வண்டி மன்னார்குடித் தொளியில் இறங்கினால் கனமே எதிரி, அச்சுவரை புதையும். கரிசல்காரர் பாராட்டிய வண்டியைக் கேள்விப்பட்டு வாங்கிய டெல்டாக்காரர், வண்டியை ஏமாற்று வேலை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. மண் வேறு.

பழுது பார்ப்பதில்தான் அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள இடைவெளி பெரியது. ஓர் உதாரணம், ஏர் எடுப்பது. நடு வயலில் டீசல் தீர்ந்துவிட்டால், மறுபடி ஊற்றினால் மட்டும் எஞ்சின் ஓடாது; குழாயில் காற்று புகுந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குக்கூட வைத்தியம் தெரியும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீடு பம்பின் சிறு நெம்புகோலைக் கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு டீசல் மட்டும் வழியும். திருகை இறுக்கு. அடுத்து நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்தால் அங்கும் குமிழி போய் டீசல் பீச்சும். இறுக்கு. எஞ்சின் இரண்டு தும்மல் போட்டு ஓடும். கையில் ஒரு ஸ்பேனர், மூக்கில் டீசல் வாசம், சட்டையில் கறை. செலவு பூஜ்யம்.

புதிய காமன் ரெயில் எஞ்சினில் அந்த நட்டில் கை வைக்கவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கை போய்விடக்கூடிய காயம் அது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 புகை விதி கட்டாயமானது. விதியை நிறைவேற்ற மின்னணுக் கட்டுப்பாடும் புகை வடிகட்டியும் வந்தன, விலை ஏறியது. உடனே என்ன நடந்தது? ஷோரூம்களில் 49 குதிரைத்திறன், 49.5 குதிரைத்திறன் என்று வண்டிகள் வரிசைகட்டின. விதியின் வேலிக்கு ஓர் அங்குலம் இப்பால் நிற்கும் தந்திரம். புகையைப் பார்த்தால் வருத்தம்தான். ஆனால் ஊர் மெக்கானிக்கை நம்பிப் பிழைக்கும் விவசாயிக்கு, அவர் கைக்கு அடங்கும் பழைய பம்பும் நாசிலும் உள்ள வண்டி கடையில் இன்னும் கிடைக்கிறது என்பது ஓர் ஆறுதல். இந்த ஆறுதல் எவ்வளவு நாளைக்கு என்பது அரசின் அடுத்த அறிவிப்பைப் பொறுத்தது.

விலைக்கு வருவோம். 45 குதிரைத்திறன் வகையில் வண்டிகள் ஏறக்குறைய 7 லட்சத்திலிருந்து 9 லட்ச ரூபாய் வரை நிற்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததில் அரை லட்சம் போல மிச்சம். இந்த விலைப் பட்டியலில் முப்பது நாற்பதாயிரம் குறைத்து வாங்க மூன்று ஷோரூம் ஏறி இறங்குகிறவர்கள், டீசல் கணக்கை மறந்துவிடுகிறார்கள். வாடகைக்கு ஓடும் வண்டி ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஒரே வேலைக்கு ஒரு வண்டி மணிக்கு அரை லிட்டர் கூடக் குடித்தால் ஆண்டுக்கு 500 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது 45,000 ரூபாய். பேரம் பேசி மிச்சம் பிடித்தது முதல் வருடத்திலேயே டேங்கில் கரைந்துவிடும்.

குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் திறன். ரோட்டாவேட்டரைச் சுழற்றுவது பிடிஓவில் கிடைக்கும் திறன். 45 என்று எழுதிய வண்டியில் பிடிஓவில் கிடைப்பது பொதுவாக 38 முதல் 40. மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இதை அளந்து அறிக்கை தருகிறது. பிடிஓ திறன், டீசல் செலவு, தூக்கும் சக்தி, திரும்பும் வட்டம், ஓட்டுநரின் காதருகே சத்தம், உடம்பு உணரும் அதிர்வு எல்லாம் அதில் எண்ணாக இருக்கும். நம்மூரில் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வண்டி எடுத்தவர்கள் மிகக் குறைவு. மச்சான் சொன்னார் என்று எடுத்தவர்களே அதிகம்.

எஞ்சினின் சுழற்சி வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மஹிந்திரா 575, ஜான் டீர் 5045, குபோடா எம்யூ 4501 மூன்றும் 45 குதிரைத்திறன். மஹிந்திரா அதை நிமிடத்துக்கு 1,900 சுற்றில் தருகிறது, ஜான் டீர் 2,100-இல், குபோடா 2,500-இல். கணக்குப் போட்டால் அந்தந்த வேகத்தில் முறுக்குவிசை சுமார் 170, 150, 128 நியூட்டன் மீட்டர் வரும். "குபோடா இழுக்காது" என்ற பேச்சு இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகிறது. பாதி உண்மை. பிடிஓவில் எல்லாம் 540 சுற்றுக்கு இறங்கிவிடுவதால் ரோட்டாவேட்டருக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. மேட்டில் நிறைச் சுமையோடு டிப்பரை நிறுத்தி எடுக்கும்போது மட்டும், மெதுவாகச் சுழன்று முக்கி இழுக்கும் எஞ்சினின் அருமை தெரியும். அதற்குப் பதிலாகக் குபோடா தருவது அமைதி. நாலு சிலிண்டர் என்பதாலேயே அதிர்வு போய்விடாது. எஞ்சினுக்குள் எதிர்த் திசையில் சுழலும் பேலன்சர் தண்டுகள்தான் அதை அடக்குகின்றன. ஸ்டியரிங்கில் கை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இங்கே வந்த குபோடா, தன் நாடான ஜப்பானின் நெல் வயல் அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. அதன் பிறகு மற்றவர்களும் சமதளத் தரையும், தொங்கும் பெடல்களும், பக்கவாட்டுக் கியரும் தந்தாக வேண்டியதாயிற்று. போட்டி என்று சொன்னாலும் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் முதலாளிகள் குறைவு: ஐஷர் டிராக்டர் 2005-இலேயே டாஃபேயிடம் வந்துவிட்டது, ஸ்வராஜ் 2007-இல் மஹிந்திராவிடம் போனது, எஸ்கார்ட்ஸ் 2022-இல் எஸ்கார்ட்ஸ் குபோடா ஆனது. அமெரிக்காவின் ஏஜிகோ நிறுவனத்தோடு டாஃபேக்கு இருந்த வழக்கு 2025-இல் சமரசமாகி, இந்தியாவில் மாஸி ஃபெர்குசன் என்ற பெயரே டாஃபேக்குச் சொந்தமாகியிருக்கிறது.

என்னைக் கேட்டால்: நாள் முழுக்க வாடகைக்குச் சேறடிப்பதும் வைக்கோல் கட்டுவதும் தொழில் என்றால், குபோடா, ஜான் டீர் வகை வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுப்பது தப்பில்லை, அந்தப் பணம் ஓட்டுநர் நிலைத்து நிற்பதில் திரும்பி வரும். பாதி நாள் சுமையும் பாதி நாள் கரிசல் உழவும் என்றால் மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744 போன்ற மெதுவான எஞ்சின்கள். சொந்த நிலம் பத்துப் பதினைந்து ஏக்கர், நம்பகமான மெக்கானிக் ஊரிலேயே உண்டு என்றால் மாஸி 241 போன்ற எளிய வண்டி போதும்; விற்கும்போதும் கையைக் கடிக்காது. நாலைந்து ஏக்கர்காரர் வண்டியே வாங்க வேண்டாம். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இருக்கிறது, பக்கத்து வீட்டு வண்டி இருக்கிறது. தவணைக்குப் பயந்து தூக்கம் கெடுவதைவிட இது மேல். இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே விஷயம் தலைகீழாக்கிவிடும்: சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பது. நடவுக் காலத்தில் ஒரு சென்சார் போய் வண்டி மூன்று நாள் நின்றால், ஐந்தாண்டு வாரன்டி அட்டையை வைத்து நாற்று நட முடியாது. வாரன்டியே கம்பெனி சர்வீஸை ஒன்று விடாமல் செய்தவருக்குத்தான் செல்லும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

மாறாத ஒன்று உண்டு, அது எனக்குக் கோபம் தருவது. ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்பைக் கண்டுபிடித்ததற்கு ஒரு காரணமே, கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கியதுதான். கண்டுபிடித்து நூறாண்டு ஆகப் போகிறது. நம் சேற்று வயல்களில் புதைந்த சக்கரத்தோடு குறுக்கே கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கட்டை தரையில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் சுழலாது. அதற்குப் பதிலாக வண்டியே அச்சைச் சுற்றிப் பின்னால் மல்லாந்துவிடும். புதைந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டும், அல்லது இன்னொரு வண்டியை வைத்து இழுக்க வேண்டும். வெளிநாடுகளில் பல ஆண்டுகளாகக் கட்டாயமான கவிழ்வுக் காப்புச் சட்டகத்தை இங்கே கேட்டு வாங்குவோர் சிலரே. அதே பணத்துக்கு வெளியில் செய்த நிழற்கூரையும், பாட்டுப் பெட்டியும், எல்ஈடி விளக்கும் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கூரை வெயிலைத்தான் தாங்கும். வண்டி கவிழ்ந்தால் தாங்காது.

ஆகவே வண்டி எடுக்கப் போகிறவர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல், உங்கள் ரோட்டாவேட்டரை மாட்டி உங்கள் வயலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்க நினைக்கும் டீலர் மறுக்க மாட்டார். புத்னி அறிக்கையைக் கேளுங்கள். சட்டகமும் சீட் பெல்ட்டும் சேர்த்து என்ன விலை என்று கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் பயன். முக்கியமாக, ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கியதும் அவரிடம் முதலில் இடுப்பைப் பற்றிக் கேளுங்கள், விலை பேசுவது அதற்கு அப்புறம்.